வெஸ்ட்லிப் புல்வெளியில் மச்சாளின் கூடாரம்

தோடம்பழ ஜாம் தீர்ந்துபோன கண்ணாடிப் போத்தல் ஒன்று. அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சிலிக்கோன், குளியலறை ஓரங்களில் நீர் கசியாமல் இருக்க அடைப்பார்களே, அந்தப் பசை. அதற்குமேல் பெயின்ற் கரைக்கிற வைற் ஸ்பிரிற். இரண்டும் முதலில் ஒன்றையொன்று ஏற்கவில்லை. பசை கட்டிகட்டியாக உருண்டுகொண்டு நின்றது. மச்சாள் ஐஸ்பழக் குச்சி ஒன்றால் கலக்கினார். ஒரு கை நோக மறுகைக்கு மாற்றிக் கலக்கினார். கால்மணி நேரத்தில் கட்டிகள் கரைந்து, அரிசிக் கஞ்சியின் மேல்தண்ணீர் போல ஆனது. வினாகிரியும் மண்ணெண்ணெயும் சேர்ந்தாற்போன்ற ஒரு மணம் எங்கள் ஏழாம் மாடிப் பல்கனியை நிறைத்தது. அகலமான தூரிகையை அதில் தோய்த்தெடுத்து, மேசையில் விரித்திருந்த நீலத் துணியில் முதல் இழுப்பை இழுத்துவிட்டு மச்சாள் சொன்னார்: "நோர்வே மழைக்கு இன்னும் என்னைத் தெரியாது."

மச்சாள் என் கணவரின் அக்கா. அப்போது அவருக்கு நாற்பத்துநான்கு வயது. கல்யாணம் செய்யவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஊரிலிருந்து தனியாக நோர்வேக்கு வந்து, இந்த நாட்டின் வடக்கே தஞ்சம் கோருவோரை வைத்திருக்கும் நிலையம் ஒன்றில் ஒன்றரை வருடம் இருந்து, அனுமதி கிடைத்ததும் ஒஸ்லோவின் விளிம்பில், வெஸ்ட்லியில் எங்கள் வீட்டின் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தவர். கோயிலில் அவரைக் கண்டால் சனம் குரலைத் தாழ்த்தும். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, தம்பி வீட்டில் ஒண்டியிருக்கிறாள், பாவம் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் மச்சாளின் முகம் மாறிவிடும். "பாவம் எண்டு சொல்லுற ஆக்களிட்டை இருக்க ஒரு கதிரை கேட்டுப் பாரும். அதுக்குள்ளை வேறை ஆரும் வந்து இருந்திடுவினம்" என்பார்.

அவர் வேலை பார்த்தது ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி, ரொம்மனில் இருந்த ஒரு பாலர் பள்ளியில். இந்த நாட்டில் பாலர் பள்ளி என்றால் பாதி நாள் வெளியில்தான். மழையோ பனியோ, பிள்ளைகளுக்கு ரப்பர் உடுப்பை மாட்டி விட்டுவிடுவார்கள். மோசமான காலநிலை என்று ஒன்றில்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்று இங்கே எல்லோரும் சொல்லும் ஒரு பழமொழி இருக்கிறது. எங்களுடைய சனம் அதைச் சொல்லிச் சிரிக்கும். மச்சாள் சிரிக்கவில்லை. அதை மெய் என்று எடுத்துக்கொண்டார். கிழமைக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகும் நாளில் அவர் காலையில் பாடிக்கொண்டே சீப்பால் தலை இழுப்பார். திரும்பி வரும்போது சட்டைப் பைக்குள் பைன் காய்களும் சேறும் இருக்கும். வருடக்கணக்காக இந்தக் காட்டின் விளிம்பில் குடியிருந்தும் அதற்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்காத எங்களுக்கு அது விநோதமாக இருந்தது.

கோடை விடுமுறைக்கு முன்னால், அந்த ஆண்டு பள்ளிக்கூடம் தொடங்கப்போகும் பெரிய பிள்ளைகளை ஓர் இரவு காட்டில் தங்கவைக்கக் கூட்டிப் போவார்கள். கூடவரும் பெரியவர்கள் தங்கள் தங்கள் கூடாரத்தைக் கொண்டுவர வேண்டும். பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டபோது மச்சாளின் பெயர் அதில் இல்லை. கேட்டிருக்கிறார். பள்ளித் தலைவி நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் இல்லாதவர். மச்சாளின் தோளில் கை வைத்து, "டூ ஸ்லிப்பர்" என்றாராம். நீ செய்யத் தேவையில்லை, உனக்கு விலக்குத் தருகிறோம் என்று அர்த்தம். உன்னிடம் கூடாரமும் இல்லை, குளிரும் உனக்கு ஒத்துவராது, மேலும் நீ அனுபவித்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும், அதை நினைவுபடுத்த விரும்பவில்லை என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை மச்சாள் வந்த வேகத்தில் வாசலில் சப்பாத்தைக் கழற்றி எறிந்தார். "சிலிப்பராம்! செருப்பைக் கையிலை தந்து, நீ வாசலிலை நில் எண்டு சொல்லுற மாதிரி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "நான் விலக்குக் கேட்டனானோ? கேக்காத ஆளுக்கு என்னத்துக்கு விலக்கு? என்ரை பிள்ளையள் அவை. ரெண்டு வருஷமா மூக்குத் துடைச்சு விட்டது நான். அதுகள் காட்டிலை படுக்கிற அண்டைக்கு நான் வீட்டிலை படுக்கவோ?"

அதற்கு இரண்டு கிழமைக்கு முன்புதான் எங்கள் அடுக்குமாடிகளில் வசந்தகாலச் சிரமதானம் நடந்திருந்தது. எல்லோரும் சேர்ந்து முற்றம் கூட்டி, வேண்டாத பொருட்களை ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் கொண்டுபோய்ப் போடும் நாள். அதிலிருந்து மச்சாள் ஒரு பையை எடுத்து வந்து கட்டிலுக்குக் கீழே தள்ளியிருந்தார். இப்போது அதை இழுத்து வெளியே கொட்டினார். வெளிர்நீல நைலோன் கூடாரம். மூன்று பேர் படுக்கலாம். தடிகளில் ஒன்று வளைந்திருந்தது, மற்றபடி எல்லாம் இருந்தன. ஆனால் துணியின் உட்பக்கத்துப் பூச்சு உரிந்து, பாம்புச் செட்டை போலக் கையோடு வந்தது. குளியல் தொட்டிக்குள் அதைக் கட்டித் தூக்கி, மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அரிதட்டில் ஊற்றியதுபோல இறங்கியது. ஏன் எறிந்திருக்கிறார்கள் என்பது விளங்கியது.

வேறு யாரும் என்றால் அதோடு விட்டிருப்பார்கள். மச்சாள் மூன்று மாலைகள் அந்தத் தொட்டிக்குள் முழங்காலில் நின்று, இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் உரிந்த பூச்சையெல்லாம் தேய்த்து எடுத்தார். பிறகு மெழுகை முயன்றார். கூட வேலை செய்கிற ஒருத்தி, பழைய காலத்துப் பைகளுக்கு மெழுகுதான் பூசுவார்கள் என்று சொல்லியிருந்தாள். மெழுகுதிரித் துண்டுகளை ஒரு பேணியில் போட்டு, பேணியைக் கொதிநீர்ச் சட்டிக்குள் இறக்கி உருக்கினார். தன் பருத்தித் தோள்பையில் அதைத் தேய்த்து, தலைமயிர் உலர்த்தும் கருவியின் காற்றை மேலே பிடித்தார். மெழுகு இழைக்குள் இறங்கியது. தண்ணீர் விட்டால் சேம்பு இலையில்போல உருண்டோடியது. கூடாரத்தில் மட்டும் சரிவரவில்லை. நைலோனுக்குள் மெழுகு இறங்காது. மேலே படிந்து காய்ந்து, மடித்த இடமெல்லாம் மீன் செதிள்போல் கழன்று விழுந்தது. அதையும் தேய்த்து எடுக்க இன்னும் இரண்டு மாலைகள் போயின. நான் சொன்னேன், "மச்சாள், விடுங்கோ. புதுசா ஒண்டு வாங்குவம்." அவர் நிமிரவேயில்லை. "வாங்கினால் கடைக்காரன் வெண்டான். எனக்கு இது ஏன் ஒழுகுது எண்டு தெரியவேணும்" என்றார்.

சிலிக்கோன் யோசனை அவருக்கே வந்தது. பாலர் பள்ளியின் கழிப்பறையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மனிதரின் காற்சட்டையை அவர் பார்த்திருக்கிறார். பசைக் கையைத் துடைத்துத் துடைத்து அந்தத் துணியின் தொடைப்பக்கம் மினுங்கியது. ஒரு பிள்ளை தண்ணீரைத் தட்டிவிட்டபோது காற்சட்டை முழுவதும் நனைந்தது, மினுங்கிய இடம் மட்டும் நனையவில்லை. மச்சாள் அந்த மனிதரிடம் போய், இந்தப் பசையை எதில் கரைக்கலாம் என்று கேட்டார். வைற் ஸ்பிரிற்றில் கரையும், ஆனால் எதற்கு என்று அவர் சிரித்தார். "என் வீட்டுக்கு" என்று மச்சாள் சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான் அந்த ஜாம் போத்தல் வந்தது. துணியின் வெளிப்பக்கத்தில் மெல்லிசாகப் பூச வேண்டும். தடித்தால் காயாது, பிசுபிசுக்கும். பூசிய கையோடு பழந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தையல் ஓடும் இடங்களுக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியாகக் கலந்து, சின்னத் தூரிகையால் இரண்டு தடவை இழுக்க வேண்டும். பிறகு ஒருநாள் முழுவதும் காற்றில் தொங்க வேண்டும். இவையெல்லாம் யாரும் சொல்லித் தந்தவை அல்ல. பழைய குடைத்துணியில் பூசிப்பார்த்து, கெடுத்து, மறுபடி பூசிக் கண்டுபிடித்தவை. எரியக்கூடிய சாமான் என்பதால் பல்கனிக்கு யாரும் சிகரெட்டோடு வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினார். மணம் தாங்காமல் யாரோ லிப்டில் நோர்வேஜிய மொழியில் ஒரு முறைப்பாட்டை ஒட்டினார்கள். மச்சாள் அதன் கீழே தன் எழுத்தில் பதில் எழுதினார்: "ஏழாம் மாடி. நான்தான். நாளை மாலையோடு முடியும்." பெயரையும் எழுதிக் கையெழுத்தும் போட்டார். வெட்கத்தில் நான் இரண்டு நாள் படிக்கட்டால் ஏறி இறங்கினேன்.

என் கணவர் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கிழமைகளில் அவருக்கு நீண்ட நேர முறைவேலை. நடப்பதொன்றும் அவருக்குத் தெரியாது. இரண்டாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், பல்கனிக் கொடியில் அந்த நீலத் துணி காற்றில் உப்பிக்கொண்டு நின்றதைக் கண்டார். மச்சாள் வேலைக்குப் போயிருந்தார். இவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. போய் அதைக் கொடியிலிருந்து இழுத்தெடுத்துச் சுருட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது. "இந்தச் சாமான் என்ரை வீட்டிலை தொங்கக் கூடாது" என்றார். நான் தடுக்கவில்லை. இரண்டு கையிலும் அந்தச் சுருளைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியேறியபோது லிப்டின் கதவைத் திறந்து பிடித்ததுகூட நான்தான். இதை இன்று எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. கோயிலில் கதைக்கப்போகும் கதையை நினைத்து எனக்கும் அது போனால் நல்லது என்றுதான் இருந்தது.

மச்சாள் வந்தார். வெறும் கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்கை?" என்று ஒரே சொல். நான் கீழே கையைக் காட்டினேன். கட்டடத்தின் குப்பை அறைக்கு அவர் பின்னாலேயே போனேன். ஆளுயரத் தொட்டி. மச்சாள் ஒரு பழைய பெட்டியைக் கவிழ்த்து அதில் ஏறி, வேலைக்குப் போட்டிருந்த நல்ல சட்டையோடு தொட்டிக்குள் இறங்கினார். உருளைக்கிழங்குத் தோலும் கோப்பி மண்டியும் வடிந்த அந்தத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். லிப்டில் எங்களோடு ஏறிய ஒரு நோர்வேஜியப் பெண் மூக்கைப் பொத்தினாள். மச்சாள் அவளுக்குத் தலையாட்டி நல்மாலை சொன்னார்.

வீட்டில் சண்டை நடந்தது. அந்த வீட்டில் அவ்வளவு உரத்த குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அக்கா, உனக்கென்ன விசரோ? தறப்பாள் கூரைக்குக் கீழை கிடந்தது காணாதோ? அதிலையிருந்து தப்பி இஞ்சை வந்து, இப்ப ஆசைக்குக் கூடாரம் கட்டப்போறியோ?"

மச்சாள் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார், "ஓம். ஆசைக்குத்தான்."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிற சனத்துக்கும் மழை நனைக்கும். நீ இதை இன்னொருக்கா எறிஞ்சாய் எண்டால் நான் இன்னொருக்கா தொட்டிக்குள்ளை இறங்குவன். எத்தினை தரம் எறியப்போறாய் எண்டு நீ யோசி."

இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மச்சாள் துணியைக் கழுவினார். மறுநாள் முழுத்துணிக்கும் இரண்டாம் பூச்சுப் பூசினார். காய்ந்தபின் மடித்தால் ஒன்றோடொன்று ஒட்டியது. அதற்குக் குழந்தைப் பவுடரைத் தூவித் துடைத்தார். பல்கனிக் கொடியில்தான் அது தொங்கியது, முன்பிருந்த அதே இடத்தில். இவர் தொடவில்லை. அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. வானம் முழுவதும் ஒரே சாம்பல். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மச்சாள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த தம்பிக்கு முன்னால் நின்றார். "நான் கீழை போறன். காட்டுக்கில்லை, முன்னாலை இருக்கிற புல்லுக்கு. ஒழுகுதோ எண்டு பாக்கவேணும். உனக்குப் பாக்க விருப்பமெண்டால் பல்கனியிலை நிண்டு பார்."

எங்கள் கட்டடங்கள் புல்வெளியைச் சுற்றி நிற்கின்றன. எத்தனை மாடி, எத்தனை பல்கனி! அவற்றில் கால்வாசியாவது எங்கள் சனம். ஒளித்துச் செய்ய நினைத்திருந்தால் பின்னால் காடு இருந்தது. மச்சாள் நடுப் புல்வெளிக்குத்தான் போனார். காற்று துணியைப் பிடுங்கியது. முளை அடித்தார், பிடுங்கிக்கொண்டு போனது, மறுபடி அடித்தார். வளைந்த தடியை முழங்காலில் வைத்து நிமிர்த்தினார். அரைமணி நேரத்தில் அவர் தலையிலிருந்து தண்ணீர் ஓடியது. ஆனால் கூடாரம் எழுந்துவிட்டது. உள்ளே போய்ச் சிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டார். பல்கனிகளில் ஒவ்வொருவராகத் தலை நீட்டினார்கள்.

எங்கள் தொலைபேசி அடித்தது. எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு தெரிந்த அம்மா. "பிள்ளை, என்ன நடந்தது? உங்கடை மச்சாளை வீட்டாலை கலைச்சுப்போட்டியளோ? மழைக்குள்ளை உதிலை போய் இருக்கிறா, பாவம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று திரும்பிக்கொண்டது. மச்சாளின் கோபம் எனக்கும் தொற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். "ஒருத்தரும் கலைக்கேல்லை அன்ரி" என்றேன். "அவ தான் செய்த கூடாரம் ஒழுகுதோ எண்டு பாக்கிறா. நானும் இப்ப அங்கைதான் போறன். நல்லாப் பாருங்கோ, கையாட்டுறன்." தொலைபேசியை வைத்துவிட்டு, தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு இறங்கினேன். என் கணவர் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்தபடி இருந்தார். பக்கம் திரும்பவில்லை. புல்வெளிக்குப் போனதும் எதிர்க் கட்டடத்தைப் பார்த்து மெய்யாகவே கையை ஆட்டினேன். இரண்டு பல்கனிகளில் தலைகள் சட்டென்று உள்ளே போயின.

உள்ளே ஒரு நீல வெளிச்சம். மழை துணியில் விழுந்த சத்தம் கடுகு வெடிப்பதுபோல் இருந்தது. மச்சாள் ஈரச் சட்டையோடு சம்மணம் கட்டி, கழுத்தை நிமிர்த்தித் தையல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனை ஒன்று கையில். தடி ஏறும் ஒரு மூலையில் மட்டும் ஒரு துளி ஊறி, தொங்கி, விழுந்தது. "இதிலை காணாது" என்று அங்கே ஒரு வட்டம் கீறினார். வேறெங்கும் இல்லை. இரண்டு மணி நேரம் இருந்தோம். ஒரே ஒரு வட்டம்தான்.

தேநீர் குடிக்கும்போது மச்சாள் கேட்டார், "அண்டைக்குத் தம்பி தறப்பாள் எண்டு சொன்னதைக் கவனிச்சனீரோ?"

நான் கவனிக்கவில்லை.

"அம்மா செத்தபோது நான் அவனுக்கு எழுதின கடிதத்திலை தறப்பாள் எண்ட சொல்லே இல்லை. பள்ளிக்கூடத்திலை இருக்கிறம், சீமெந்து நிலம், ஓட்டுக் கூரை, அம்மா வருத்தமில்லாமல் நித்திரையிலை போனா எண்டுதான் எழுதினனான்."

என் மாமியாரை நான் கண்டதில்லை. யுத்தத்தின்போது எல்லோரும் ஊரைவிட்டு எழும்பிப் போன அந்தப் பெரிய இடப்பெயர்வில், போன இடத்தில் காய்ச்சலில் இறந்துபோனார் என்பது தெரியும். பள்ளிக்கூடம், ஓட்டுக் கூரை என்று என் கணவர் பலருக்கும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"பள்ளிக்கூடத்திலை எங்களுக்கு இடம் கிடைக்கேல்லை" என்றார் மச்சாள். "மரத்துக்குக் கீழை ஒரு நீலத் தறப்பாள். மூண்டு நாள் மழை. ஒரு பக்கம் சட்டியை வைச்சால் மற்றப் பக்கம் ஒழுகும். அம்மாவைப் பாயோடை இழுத்து இழுத்து மாத்தினனான். மூண்டாம் நாள் இழுக்கிறதுக்கு ஒரு காய்ஞ்ச இடம் இல்லை." மூலையில் ஊறித் தொங்கிய துளியை விரலால் துடைத்தார். "எனக்குக் கூடாரம் எண்டால் பயம் எண்டு அந்தப் பள்ளித் தலைவி நினைக்கிறா. தம்பியும் நினைக்கிறான். கூடாரத்துக்கு ஏன் பயப்பிட வேணும்? அது ஒழுகினதுதான் பிழை. அண்டைக்கு என்னட்டை ஒண்டும் இல்லை, ஒழுகட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். அண்டைக்கு என்னை இருத்தினவை. இண்டைக்கு நானா வந்து இருக்கிறன். ரெண்டும் ஒண்டில்லை."

"அவருக்கு ஆர் சொல்லியிருப்பினம்?" என்று கேட்டேன்.

"ஊராக்கள் ஆரும் சொல்லியிருப்பினம். அவனுக்குத் தெரியும். எவ்வளவு காலமாத் தெரியுமோ? எனக்கு முன்னாலை பள்ளிக்கூடம் எண்டுதான் கதைப்பான்." மச்சாள் பிளாஸ்க் மூடியைத் திருகினார். "நானா எடுத்துச் சொல்ல மாட்டன். கேக்கட்டும். கேட்டால் மறைக்கவும் மாட்டன்."

கொடியில் அந்த நீலத்தைக் கண்டபோது என் கணவரின் முகம் ஏன் வெளிறியது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த மழையின்போது அவர் ஒஸ்லோவில், சூடாக்கிய அறையில் இருந்தவர். தாய்க்குக் கடைசியாக ஒரு துணியைக்கூடப் பிடிக்காத கை அவருடையது. அதனால்தான் அது அந்தத் துணியைச் சுருட்டி எறிந்தது. எனக்கு அவர்மேல் கோபம் போகவில்லை. ஆனால் கோபத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது.

திங்கட்கிழமை மச்சாள் கூடாரப் பையைத் தோளில் சுமந்துகொண்டே வேலைக்குப் போனார். தலைவியின் அறைக்குள் போய் மேசையில் அதை வைத்தார். வைத்துவிட்டு, முதல்நாள் முழுவதும் எனக்குச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிய நோர்வேஜிய வசனங்களைச் சொன்னார். நான் என்ன அனுபவித்தேன் என்பது எனக்குத் தெரியும், அதை வைத்து நான் எங்கே போகக்கூடாது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். கூடாரம் இருக்கிறது. மழையில் பார்த்தாயிற்று. பெயரை எழுதுங்கள். தலைவியின் முகம் சிவந்துபோனதாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுதினாராம். பட்டியலின் அடியில் இடமிருந்தும் நடுவில்தான் எழுதவேண்டும் என்று மச்சாள் நின்றாராம், அகரவரிசைப்படி தன் பெயர் அங்கேதான் வரும் என்று.

இவ்வளவும் செய்து போன அந்தப் பயணத்தில் ஒரு துளி மழை விழவில்லை. இரண்டு நாளும் வெயில் எறித்துத் தள்ளியது. மச்சாள் வானத்தைத் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார். "வேணுமெண்டே செய்தது" என்றார். ஆனால் முகம் முழுவதும் சிரிப்பு. பவுடர் மணக்குது என்று பிள்ளைகள் எல்லாரும் அவருடைய கூடாரத்துக்குள்தான் படுப்போம் என்று ஒருவரோடொருவர் அடிபட்டார்களாம். மூவருக்கான இடத்தில் ஐந்து பிள்ளைகளும் அவரும். ஒருவனின் குதிக்கால் இரவு முழுக்கத் தன் விலாவில் இருந்தது என்று இடத்தைத் தொட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பே அவருக்கு வந்தது. கேட்காத யாருக்கும் விலக்குக் கொடுக்கக்கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம்.

சனம் கதைத்தது. காட்டில் போய்ப் படுக்கிறாளாம், குடும்பத்துக்கு அடுக்குமா என்று கதைத்தது. மச்சாள் அந்தக் கோடை முழுவதும் சனி ஞாயிறுகளில் தனியாகப் போனார். சிலவேளை நானும் போனேன். பக்கத்தில் குரோருட்டில் இருந்து இரண்டு பெண்கள், கதை கேட்டுக் கோபப்பட வந்தவர்கள், ஒரு பையைக் கொண்டுவந்து "இதுக்கும் உந்தப் பசை பிடிக்குமோ?" என்று கேட்டுப் பூசிக்கொண்டு போனார்கள். இன்று ஒஸ்லோவில் எங்கள் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக மலையேறிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நல்லது. அன்றைக்கு அது ஒரு பெண்ணின் பெயரை நாலு வீட்டில் இழுக்கப் போதுமான காரியமாக இருந்தது. மச்சாளுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தனி வீட்டில் இருக்கிறார், இன்னமும் போகிறார்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வசந்தகாலத்தில் நடந்தது. குளிர்காலம் மடித்து வைத்த துணியில் சில இடங்களில் பூச்சுத் தேய்ந்திருந்தது. ஒரு ஞாயிறு காலை மச்சாள் மறுபடியும் பல்கனியில் துணியை விரித்தார். காற்று அடித்தது. நான் சமையலறையில் கையில் மாவோடு நின்றேன். "ஒருக்கா வந்து பிடியுமன்" என்று மச்சாள் என்னைத்தான் கூப்பிட்டார். நான் கை கழுவுவதற்குள் என் கணவர் எழுந்து போய்விட்டார். துணியின் ஒரு விளிம்பை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். மச்சாள் தூரிகையை இழுத்தார். நான் வாசலில் நின்றேன்.

பாதித் துணி முடிந்தபோது அவர் கேட்டார். அக்காவைப் பார்க்காமல், துணியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அம்மாவிலை மழை பட்டதோ?"

தூரிகை நின்றது. மச்சாள் நினைத்திருந்தால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் சொல்ல வேண்டுமென்று அந்தக் கணத்தில் நான் ஆசைப்பட்டேன்.

"பட்டது" என்றார் மச்சாள். "மூண்டு நாளும் பட்டது."

என் கணவர் துணியின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "ஏன் அப்பிடிப் பொய் எழுதினனீ?"

"நீ இஞ்சை தனிய இருந்தனீ. அதை வாசிச்சுப்போட்டு ஆரோடை இருந்து அழுவாய்?"

"இப்ப?"

"இப்ப நான் பக்கத்திலை நிக்கிறன்."

கீழே யாரோ பிள்ளையைக் கூப்பிட்டார்கள். ரயில் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அப்ப சொல்லு" என்றார் அவர். "முழுக்கச் சொல்லு. ஒண்டையும் விடாதை."

மச்சாள் சொல்லத் தொடங்கினார். அது அவர்கள் இருவருக்கும் உரிய கதை என்பதால் நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். மத்தியானம் தாண்டும்வரை அவர்கள் வரவில்லை. சோறு ஆறியது. ஒருமுறை எட்டிப் பார்த்தேன். மச்சாள் பூசுவதும் சொல்வதுமாக இருந்தார். என் கணவரின் கன்னங்கள் நனைந்திருந்தன. துடைப்பதற்குக்கூட அவர் கையை எடுக்கவில்லை.